நாலாவது ஆணி

எங்கள் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில், கை கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் நாலு ஆணிகள் உண்டு. சோப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து அந்தச் சுவர் வழவழவென்று பாசி பிடித்துக் கிடக்கும். கை துடைக்கும் துண்டு அந்த ஆணியில் தொங்கும் என்றுதானே நினைப்பீர்கள். துண்டு குழாய்மேல் ஈரம் சொட்டக் கிடக்கும். ஆணிகளில் தொங்கியது நாலு பேருடைய பேட்ஜ்.

பேட்ஜ் என்றால் பெயர் எழுதி மாட்டிக்கொள்கிற அட்டை அல்ல. தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கூடு, உள்ளே ஒரு துண்டு பிலிம். கதிர்வீச்சு பட்டால் பிலிம் கறுக்கும். எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து, அதை மாட்டியிருந்த ஆளின்மேல் எவ்வளவு பட்டிருக்கிறது என்று வெளியே ஒரு நிலையத்தில் கணித்துச் சொல்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் உறையில் போட்டு அங்கே அனுப்ப வேண்டும். நெஞ்சில் குத்திக்கொண்டு போக வேண்டிய அந்தச் சாமானை ஆணியில் மாட்டிவிட்டு நாலு பேரும் உள்ளே போவார்கள்.

மாட்டச் சொன்னது மேலாளர். பாதுகாப்பு அதிகாரியும் அவரேதான். இரண்டு நாற்காலிக்கு ஒரே ஆள் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. பிலிம் அளவுக்கு மேல் கறுத்தால் அந்த ஆளை மூன்று மாதம் உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். இருப்பதே நாலு பேர். ஒருத்தர் வெளியே உட்கார்ந்தாலும் வேலை நின்றுபோகும். அதனால் பேட்ஜ் சுவரைப் பார்த்துக்கொண்டது, ஆட்கள் வேலையைப் பார்த்தார்கள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் அறிக்கை வரும். மேலாளர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்ட அறிவிப்புப் பலகையில் குத்திவைப்பார்.

நான் அங்கே முதலுதவி அறை நர்ஸ். அந்தத் தொட்டியில்தான் நானும் கை கழுவுவேன். பதினோரு வருஷம் அந்த ஆணிகளைப் பார்த்தேன், ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்ட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கே குமட்டும்.

நாலாவது ஆணிக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவரை எல்லோரும் மெதுவண்ணன் என்பார்கள். நடை மெது, பேச்சு மெது, டீயைக்கூட ஆடை கட்டிய பிறகுதான் வாயில் வைப்பார். ஒரு கேள்வி கேட்டால் நாம் அடுத்த வேலையை முடித்துவிட்டு வந்து பதிலை வாங்கிக்கொள்ளலாம். மனைவி பஸ் கண்டக்டர், முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவார். பதினோரு வயது மகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது இவர் பொறுப்பு. அவளுக்கு இடுப்பு வரை முடி. தினமும் இரட்டைப் பின்னல் போட்டு, நுனியில் ரிப்பன் கட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். ஒரு மயிர் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு வருகைப் பதிவில் காரணம் கேட்டார்கள். 'இடது பின்னல் சரியாக வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை வைத்து ஒரு மாதம் சிரித்தோம்.

சோதனைக்கூடத்தில் வேலை இதுதான். எங்கோ ஓர் அணு உலையில் வாரக்கணக்கில் கதிர்வீச்சில் வைத்து எடுத்த உலோகத் துண்டுகள், ஈயப் பானையில் அடைத்து எங்களுக்கு வரும். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அதை வளைத்து, நசுக்கி, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து எழுத வேண்டும். வந்த பானையை உடனே திறக்கக்கூடாது. தொண்ணூறு நாள் குழிக்குள் இறக்கி வைத்திருக்க வேண்டும். அதற்குள் வீரியம் தணியும். அதை எங்கள் ஆட்கள் ஆறப்போடுவது என்பார்கள். உண்மையில் அந்தத் துண்டு தொட்டால் சுடாது. சில்லென்றுதான் இருக்கும். சுட்டிருந்தால் எவனும் கையை வைத்திருக்க மாட்டான்.

தொண்ணூறு நாளுக்குப் பிறகும் நீள இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் விரலாலேயே எடுத்து வைப்பார்கள். மூணு எண்ணுறதுக்குள்ள வச்சிட்டா ஒண்ணும் ஆகாது என்பது அவர்களுடைய சட்டம். யார் சொன்னது, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மெதுவண்ணன் ஒருத்தர்தான் இடுக்கியை விடாதவர். இடுக்கி நுனியில் இருந்த ரப்பர் தேய்ந்து துண்டு வழுக்க ஆரம்பித்தது. புது இடுக்கி கேட்டு நாலு தடவை எழுதிக் கொடுத்தார். அது மேலாளர் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்ததை நானே பார்த்தேன். கடைசியில் சைக்கிள் டியூபை வெட்டி நுனியில் சுற்றி, நூல் போட்டுக் கட்டிக்கொண்டார். பின்னல் போட்ட கை என்பதால் கட்டு நேர்த்தியாக இருந்தது.

அன்றைக்கு வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்ட நாலு பேர், கையில் பிஸ்கட் தட்டு. முடிவு அவசரமாக வேண்டும் என்றதால், குழியில் இருபதே நாள் இருந்த பானையை மேலாளர் எடுக்கச் சொல்லியிருந்தார். பானையின் மேல் தொண்ணூறு என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவர் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? உள்ளே கதிர்வீச்சு அளவு மீறினால் கத்துகிற ஒரு பெட்டி உண்டு. விருந்தாளிகள் இருக்கும்போது அது கத்தினால் அசிங்கம் என்று, துடைக்கிற துணியைச் சுருட்டி அதன் வாயில் அடைத்துவைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் உடம்பு முடியாதவர்களை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்துகிற ஜாதி இது.

மேலாளர் ஒலிபெருக்கியில், "இன்னிக்கு ஒரு நாளாவது கொஞ்சம் வேகமா பாருங்கப்பா," என்றார். கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெதுவண்ணனுக்குள் போய்க் குத்தியிருக்க வேண்டும். கை வேகம் எடுத்தது, டியூப் வழுக்கியது, துண்டு வளைக்கும் இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே விழுந்து மாட்டிக்கொண்டது. அந்த இடுக்கில் இடுக்கி நுழையவில்லை. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையை விட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். துண்டு வரவில்லை. அசைத்து அசைத்து எடுத்தார். எதையும் அரைகுறையாக விடுகிற ஆளில்லை அவர்.

வெளியே வந்ததும் மற்றவர்கள், "எத்தனை எண்ணினீங்கண்ணே?" என்று கேட்டார்கள். யோசித்து, "நாப்பத்தி ரெண்டு," என்றார். மூணு எண்ணச் சொன்னால் மெதுவண்ணன் நாற்பத்திரண்டு எண்ணுவார் என்று டீ நேரம் முழுக்க ஒரே சிரிப்பு. நானும் அங்கேதான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். விருந்தாளிகள் மிச்சம் வைத்த பிஸ்கட்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் விரல்கள் சிவந்தன, பிறகு சிவப்பும் மறைந்தது. அப்பாடா என்று இருந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு காலை முதலுதவி அறைக்கு வந்து கையை மேசைமேல் வைத்தார். மூன்று விரலும் வீங்கி, பளபளவென்று மஞ்சள் கொப்புளம் கட்டியிருந்தது. தோல் மெழுகு மாதிரி இருந்தது.

"சிஸ்டர், இன்னிக்கு பின்னல் போட முடியல," என்றார். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. படித்தபோது ஒரு படத்தில் பார்த்திருக்கிறேன். கம்பெனி டாக்டர் தினமும் இரண்டு மணி நேரம் வருகிறவர், அன்றைக்கு இருந்தார். பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் மேலாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அப்போது அந்தக் கையில் நாற்றமே இல்லை. அது பிறகுதான் வந்தது.

"என்னப்பா, வீட்ல வெந்நீர் ஏதாவது கொட்டிக்கிட்டீங்களா?" என்றார்.

மெதுவண்ணன் பதிலுக்கு யோசித்துக்கொண்டிருந்தார். மேலாளருக்குப் பதில் தேவைப்படவில்லை. "ஆமா, வெந்நீர்தான். வேற ஏதாவதுன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமில்ல? பேட்ஜ் ஏன் போடலன்னு உங்களைத்தான் கேப்பாங்க. கூடத்தையே மூடுவாங்க. மத்த மூணு பேரும் குடும்பத்தோட எங்க போவாங்க?"

மெதுவண்ணன் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெந்நீர்க் காயம்னு எழுதுங்க சிஸ்டர்," என்றார் டாக்டர்.

எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன். 'வெந்நீர்க் காயம், வலது கை, வீட்டில்' என்று பதிவேட்டில் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கான சீட்டிலும் அதையே எழுதினேன். வெந்நீர்க் காயத்துக்கான வைத்தியம் வேறு, இதற்கான வைத்தியம் வேறு என்று எனக்குத் தெரியும். தப்பான வைத்தியம் நடந்தால் அந்தக் கை போய்விடும் என்றும் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். பேனா கூசவில்லை, நானும் கூசவில்லை.

வெளியே போகும்போது மேலாளர் மெதுவண்ணன் தோளைத் தட்டப் போய், தட்டாமல் கையை இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் வீட்ல பாப்பாவைக் கொஞ்சம் தள்ளியே வைங்க," என்றார்.

வெந்நீர்க் காயத்துக்குப் பிள்ளையைத் தள்ளி வைக்கச் சொன்ன மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பஞ்சை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் சேர்த்தார்கள். தொடையிலிருந்து தோலை எடுத்து விரல்களில் ஒட்டினார்கள். அடியில் இருக்கிற சதையே செத்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒட்டின தோல் எப்படிப் பிடிக்கும்? பத்தே நாளில் கறுத்து உரிந்தது. பார்க்கப் போனபோது கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷமாக எத்தனையோ புண்ணைப் பார்த்தவள் நான். அந்த நாற்றத்துக்கு வராந்தாவுக்கு வந்து தொட்டியில் வாந்தி எடுத்தேன். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை தோல் ஒட்டலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் காலாண்டு முடிய மூன்று நாள் இருந்தது. பேட்ஜுகளை உறையில் போடப் போன மேலாளர், நாலாவது ஆணி காலியாக இருப்பதைப் பார்த்தார். அப்போதுதான் அந்த மனுஷனுக்கு வேர்த்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒரு ஆள் கையழுகிக் கிடந்தபோது வேர்க்கவில்லை. பிளாஸ்டிக் கூடு ஒன்று காணாமல் போனதும் சட்டை நனைந்துவிட்டது.

காரணம் இருந்தது. பேட்ஜ் வந்து, அதில் ஒன்றும் இல்லை என்றால் அரசாங்கத்துக்குத் திருப்தி. பேட்ஜே வராவிட்டால் ஆய்வாளர் நேரில் வந்து விசாரித்தாக வேண்டும். வந்தால் பானைச் சீட்டு, குழிப் பதிவு, துணி அடைத்த பெட்டி எல்லாம் வெளியே வரும்.

"சிஸ்டர், நீங்க போய் வாங்கிட்டு வாங்க. உங்க மேல அவருக்கு மரியாதை உண்டு," என்றார்.

போனேன். டயர் கடைக்குப் பின்னால் மூன்றாவது மாடி, இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தது பாப்பா. முடியை மொத்தமாக அள்ளி ஒரு ரப்பர் பேண்டில் கோணலாகக் கட்டியிருந்தாள். ஒரு பக்கம் முடிச்சு விழுந்து சிக்காக இருந்தது. அவள் கவுனின் நெஞ்சில், ஊக்கு குத்தி, நாலாம் நம்பர் பேட்ஜ் தொங்கியது.

"அப்பா உள்ள இருக்காரு. நாற்காலியத் தாண்டி நான் போகக்கூடாது. நீங்க வேணா போங்க ஆண்ட்டி," என்றாள்.

உள்ளறை வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதன்மேல் தனித் தட்டு, தனி டம்ளர். தாண்டிப் போனேன். மெதுவண்ணன் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டியிருந்தார்.

"ஏண்ணே, கை இப்படி?"

"வீட்டுக்குள்ள படக்கூடாதுல்ல சிஸ்டர். வெளியே நீட்டிட்டா அந்தப் பக்கம் போயிடும். நல்லாப் பாத்துட்டேன், எதிர்ல வெறும் சுவருதான். கீழே யாரும் நடக்கறதில்ல."

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாள் போக மற்ற நாளெல்லாம் என்றார். தள்ளி வைக்கச் சொன்ன அன்றைக்கே ஆணியிலிருந்து பேட்ஜை எடுத்து வந்து பாப்பாவின் கவுனில் குத்திவிட்டாராம். பள்ளிக்கும் அதோடுதான் போகிறாள், தூங்கும்போதும் தலையணையில் குத்தியிருக்கிறது.

"அவ மேல என் கை எவ்வளவு பட்டுதுன்னு அதுல தெரிஞ்சிடும். கறுத்திருந்தா நான் எங்கயாவது போயிடுவேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

பதினான்கு வருஷம் அந்தக் கூடத்தில் வேலை பார்த்த மனுஷனுக்கு ஒருத்தர்கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. சுவரில் மண்டையோடு படம் ஒட்டியதோடு சரி. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அந்தத் துண்டைத் தொட்டதால் உங்கள் விரல் வெந்தது, அவ்வளவுதான். விரலுக்குள் எதுவும் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர்மேல் பாயாது. தீக்காயம் பட்டவன் தொட்டால் அடுத்தவனுக்குச் சுடுமா? அதே மாதிரிதான். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வழக்கம்போல ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு கோபமே இல்லாமல், "நீங்க வெந்நீர்னு எழுதினீங்களே சிஸ்டர்," என்றார்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொன்னது சத்தியம், ஆனால் என் வாயிலிருந்து வந்தால் அதற்கு மதிப்பில்லை. அளக்கிற கருவியைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அங்க இருக்கற கருவியெல்லாம் எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியாதா? பெட்டி வாயில துணி அடைச்சதே நாங்கதான். இந்தப் பிலிம் ஒண்ணுதான் வெளியே போகுது. அதுல நம்ம ஆளுங்க கை வைக்க முடியாது."

அப்போது அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்த ஒரு தடவையாவது சொன்னேன் என்பதுதான் மிச்சம்.

"அண்ணே, நல்லாக் கேளுங்க. இந்த பேட்ஜைக் குடுக்காதீங்க. இது போகலன்னா ஆய்வாளர் வந்தாகணும். உங்களுக்கு நடந்தது வெளியே வரும். போச்சுன்னா, பாப்பா மேல இருந்ததுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க நம்பர்ல சுத்தமா ஒண்ணும் இல்லன்னு வரும். அதோட உங்க கதை முடிஞ்சுது. வெந்நீர்தான்னு ஆயிடும்."

"சுத்தமா வரும்னு நீங்க சொல்றீங்க."

"ஆமா."

"வந்தா நல்லதுதானே சிஸ்டர்."

அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். புரிந்துதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தன் கையைப் பார்த்துக்கொண்டே, "என் கை போனது எனக்குத் தெரியும். அதை இன்னொருத்தர் வந்து எழுதணும்னு இல்ல. அவளுக்கு என்ன ஆச்சுன்னுதான் தெரியல. இன்னும் மூணு நாள் இருக்கில்ல, அது வரைக்கும் அவகிட்டயே இருக்கட்டும். அப்புறம் வந்து வாங்கிட்டுப் போய் அனுப்புங்க," என்றார்.

அங்கிருந்து நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கைக்கு அறுவை செய்த டாக்டர் ஒரு குள்ளமான ஆள், சிடுமூஞ்சி. நடந்ததை எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு தடவை கேட்டேன், எப்படி ஆச்சுன்னு. வெந்நீர்னார். சீட்டுலயும் அதான் இருந்தது. முதல் வாரமே தெரிஞ்சிருந்தா ஒரு விரலையாவது காப்பாத்தியிருப்பேன். யாரு எழுதினது அது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. புழுவைக்கூட யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டாம் தடவை தோல் ஒட்டுவதை நிறுத்தினார். செத்த சதை முழுவதையும் எடுத்துவிட்டு, வயிற்றுச் சதையை ரத்த ஓட்டத்தோடு கையில் வைத்துத் தைத்தார். மூன்று விரலும் போனது, உள்ளங்கை நின்றது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் மணிக்கட்டோடு போயிருக்கும் என்றார்கள்.

அதற்கு முன்னால், சொன்ன மூன்றாம் நாள், பேட்ஜை வாங்கப் போனேன். பாப்பா ஊக்கைக் கழற்றி என் கையில் வைத்தாள். உடனே விடவில்லை.

"இது கறுத்திருந்தா நீங்க அப்பாகிட்ட சொல்லாம இருப்பீங்களா ஆண்ட்டி?" என்றாள்.

கறுத்திருக்காது என்றேன். அவளும் அப்பனைப் போலவே என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

பஸ்ஸில் அந்தக் கூடு என் மடியில் இருந்தது. ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்தால் போதும். காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். ஆய்வாளர் வருவார், மேலாளரின் சட்டை நனையும், மெதுவண்ணனுக்கு நியாயம் கிடைக்கும். எறிந்தால் ஏற்கெனவே எழுதிய பொய்யோடு இன்னொரு பொய். அதற்கு விலை அந்தப் பெண்ணின் அப்பா; பிலிம் முடிவு வராவிட்டால் அவர் அந்த நாற்காலியைத் தாண்டி அவளிடம் வரவே மாட்டார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள் உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்க்கும்வரை கூடவே நின்றேன்.

அதோடு நான் பதிவேட்டைத் திருத்தினேன். 'வெந்நீர்க் காயம்' என்பதை அடித்து, நடந்ததை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அரசாங்கத்துக்கும் ஒரு மனு போட்டேன். மேலாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி எழுதினதும் உங்க கையெழுத்துதானே சிஸ்டர்? எந்தக் கையெழுத்தை நம்பறது?" என்று இனிப்பாகக் கேட்டார். அடுத்த வாரமே என்னை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். கம்பெனி டாக்டர் என்னை எங்கே பார்த்தாலும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அறிக்கை ஐந்து வாரத்தில் வந்தது. நாலு நம்பருக்கும் பூஜ்யம். மேலாளர் அதைப் பெரிதாக நகலெடுத்து, 'விபத்தில்லாத காலாண்டு' என்று தலைப்புப் போட்டு, கண்ணாடிக்குள் வைத்தார். எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். மற்ற மூன்று பேரும் தின்றார்கள். கை கழுவிவிட்டு, பேட்ஜை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். நாலாவது ஆணியில் ஒரு புது ஆளின் பேட்ஜ் தொங்கியது. என் மனுவுக்கு அரசாங்கத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: பேட்ஜில் பதிவில்லை, முதல் மருத்துவக் குறிப்பு வெந்நீர்க் காயம் என்கிறது, மேல் நடவடிக்கை தேவையில்லை. அந்தக் கூடத்தில் நான் இருந்த காலம் முழுக்க வந்த அறிக்கைகளில் உண்மையான பூஜ்யம், பாப்பா நெஞ்சில் தொங்கிய அந்த நாலாம் நம்பர் ஒன்றுதான். அதை வைத்தே அவரைப் பொய்யனாக்கினார்கள்.

நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காலை வேளை; மனைவி பஸ்ஸில் போயிருந்தார், பாப்பா பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நாற்காலி அப்படியே குறுக்கே இருந்தது. மெதுவண்ணன் தாளை இடது கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து படித்தார்.

"இது சுவத்துல இருந்தது இல்லையே சிஸ்டர்? அவகிட்ட இருந்ததுதானே?"

"அவகிட்ட இருந்ததுதான். நானே கொண்டுபோய் அனுப்பினேன்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து போய், நாற்காலியை இடது கையால் இழுத்து ஓரமாகப் போட்டார். தட்டும் டம்ளரும் தரையில் உருண்டன. பாப்பாவிடம் சீப்பைக் கொண்டுவரச் சொன்னார். அவள் ஓடிப்போய் எடுத்து வந்து, அவர் முழங்கால்களுக்கு நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இருந்த இரண்டு விரலும் தைத்த உள்ளங்கையுமாக ஒரு கற்றையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பின்ன ஆரம்பித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். மூன்றாவது கற்றையை அவளே கையைப் பின்னால் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மனதில் அறுத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்தத் தாளை வச்சுத்தான் உங்களுக்கு ஒண்ணுமே நடக்கலன்னு எழுதிட்டாங்க."

"தெரியும் சிஸ்டர்," என்றார். பிறகு பாப்பாவிடம், "ஆடாம உக்காரு," என்றார்.